நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரை

நாள் 902, காலை 06:10
செவ்வாய், வடதுருவ நிலையம். பதிவு செய்பவன் இன்னாசி. இங்கே வேறு ஆள் இல்லை. காற்று, மின்சாரம் சீர். வெளிக்கதவுப் பூட்டைப் புழுதி தின்றுவிட்டது. இனி உள்ளிருந்து கையால்தான் திறக்க வேண்டும். பத்து நாளில் தமிழினியின் கலம் வந்து என்னை அழைத்துப்போகும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போட்டாயிற்று. அது இல்லாமல் காலையிலேயே கருவாட்டுத் தொக்கில் கை வைக்க முடியுமா? தூத்துக்குடிக்காரனுக்கு அதுவும் மூச்சுக்காற்றுதான்.

நாள் 905, 14:30
கெண்டைக்கால் மறுபடியும் இழுத்துக்கொண்டது. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. பாதம் சூடேற்றியில் பட்டிருக்கிறது. தோல் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். வலிக்கவே இல்லை. பயமாக இருக்கிறது.

நாள் 906, 09:00
ரத்தப் பரிசோதனை முடிவைப் பூமிக்கு அனுப்பினேன். டாக்டர் ஸ்டெல்லாவின் பதில்:
“இன்னாசி, அந்த மாத்திரைய ரெண்டு மாசத்துக்குத்தானே குடுத்தேன்? ரெண்டரை வருசமாவா முழுங்குதீங்க? வயித்துல அமிலம் இல்லன்னா சாப்பாட்டுல உள்ள பி12 உடம்புல எப்படிச் சேரும்? மெக்னீசியமும் அடிமட்டத்துல கெடக்கு. இப்படியே போனா புத்தி தடுமாறும். மாத்திரைய நிறுத்துங்க, பி12 ஊசியப் போடுங்க. விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சும்மாவா சொன்னாங்க?”
அந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு எனக்கு நெஞ்சு எரிந்ததே இல்லை. எரிந்துவிடுமோ என்றுதான் தினமும் விழுங்கினேன்.

நாள் 908, 22:15
மாத்திரையை நிறுத்தியதும் நெஞ்சு அடுப்பாக எரிகிறது. குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். கால் தரையில் பதிகிறதா என்று குனிந்து பார்த்துப் பார்த்து வைக்கிறேன். ஊசிப் பெட்டி எங்கே? நேற்று கையில் வைத்திருந்தேன்.

நாள் 910
ஊசி போட்டேனா? தெரியவில்லை. எரிச்சல் தாங்கவில்லை. ஒரே ஒரு மாத்திரை. தமிழினி வரும்போது கதவைத் திறக்க வேண்டும். மறக்கக் கூடாது. கதவு. கதவு.

நாள் 9
காலை. காற்று, மின்சாரம் சீர். மாத்திரை போட்டாயிற்று.
யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இங்கே வேறு ஆள் இல்லை. முதலிலேயே எழுதியிருக்கிறேன்.
வானொலியில் ஒரு பெண்: “இன்னாசியண்ணே, தமிழினி பேசுறேன். கதவத் திறங்கண்ணே. கலத்துக்குத் திரும்பிப் போகக்கூட எங்ககிட்ட காத்து இல்ல.”
என் பெயரெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள். யார் இவள்? திறக்க மாட்டேன்.
இன்னும் தட்டுகிறார்கள். முன்னைவிட மெதுவாக.
நின்றுவிட்டது. இனி நிம்மதியாகச் சாப்பிடலாம்.