கொதிநீரில் போடாத கணக்கு

இன்று காலை டேனரியில், தோல் பதனிடும் டிரம்மிலிருந்து எடுத்த தோலில் ஒரு துண்டு வெட்டிக் கொதிநீரில் போட்டேன். சுருங்கினால் பதம் போதவில்லை, தோல் மறுபடி டிரம்முக்குப் போகும். துண்டு சுருங்கவில்லை. ஆனால் அந்த ஈரவாடை முகத்தில் அடித்ததும் நீ நினைவில் வந்து நின்றாய்.

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். உன் அப்பா உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். என் அப்பா என்னை டேனரியில் சேர்த்தார். அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை. நீ படித்த இயற்பியலை நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை.

கடுங்குளிரில் ஒரு கலவைக்குள் அணுக்கள் எல்லாம் ஒரே தாளத்தில் அசையும் என்று, வெறும் காகிதத்தையும் பென்சிலையும் வைத்துச் சொன்ன முதல் ஆள் நீ. உன் துறையிலேயே பலர் நம்பவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் ஜோலார்பேட்டையில் இறங்கி, வீட்டுக்குப் போகும் முன்பே டேனரி வாசலுக்கு வருவாய். தோல் தூக்குகிறவர்கள் முன்னால் நான் கேட்பேன்: "இன்னாடா, உன் கணக்கக் கொதிதண்ணில போட்டுப் பாத்தியா?" எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். "அதுக்கேத்த அடுப்ப இன்னும் யாரும் கட்லடா" என்பாய்.

நீ கண்ணை மூடிய பிறகு, போன வாரம் உன் மகள் போனில் அழைத்தாள். உன் கணக்கு சரி என்று ஏதோ ஒரு ஆய்வகத்தில் சோதித்துக் காட்டிவிட்டார்களாம். அந்தச் சோதனைக்கு வழி எழுதிவைத்ததும் நீதானாம். டேனரி நண்பன் கேட்ட கேள்விதான் அதை எழுத வைத்தது என்று வகுப்புகளில் சொல்வாயாம். வேலூரில் உனக்கு நடக்கும் நினைவுக் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்றாள்.

எனக்குக் கூசிப்போனது. அது கேள்வியே இல்லை. நீ சலவைச் சட்டையோடு வந்து நிற்பது பொறுக்காமல் நாலு பேர் முன் உன்னை மட்டம்தட்டினேன். நீ சொல்வது சரியாக இருக்கும் என்று படித்துப் பார்த்து எனக்கே பட்ட பிறகும் கேட்டேன். ஒருநாள்கூட ஒத்துக்கொள்ளவில்லை.

யாரிடமும் இறங்கிப் பேசிப் பழக்கமில்லாத நான் அவளிடம் சொல்லிவிட்டேன்: "பொறாமைலதாம்மா கேட்டேன். அங்க வந்து பொய் பேச முடியாது."

அவள், "அப்பாவுக்குத் தெரியும் மாமா" என்றாள். "'அவன் வயிறெரிஞ்சுதான் கேக்கறான். ஆனா அவன் ஒருத்தன்தான் படிச்சுட்டுக் கேக்கறான்'னு சொல்வாரு."

தெரிந்தேதான் ஒவ்வொரு லீவுக்கும் பெட்டியோடு என்னிடம் வந்திருக்கிறாய். கூட்டத்துக்குப் போகிறேன். நீ சொன்னது சரி என்று மைக்கில் சொல்வேன். உன்னிடம் சொல்லாததை ஊரிடம் சொல்வதால் இந்த வெட்கம் தீராது. தீரவும் வேண்டாம். இந்த வெட்கத்தை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.