புழு ஷெட்டுக்குள் நாங்கள் கொண்டுபோன மிஷின்

ஜூலை 21, திங்கள்

பிசிக்ஸ் பீரியடில் ஷகிலா மிஸ் ப்ராஜெக்ட்டுக்குக் குழு பிரித்துவிட்டார். எனக்கு வாய்த்தவர்கள் குருவும் கோகிலவாணியும். ஒருவன் வாயைத் திறந்தால் மூடமாட்டான், இன்னொருத்தி திறக்கவே மாட்டாள். ப்ளஸ் ஒன்னில் நிம்மதியாக இருக்கலாம் என்று எவர் சொன்னாரோ!

"கடையில வாங்கின மாடலைத் தூக்கிட்டு வராதீங்க. உங்க ஊருக்கு உபயோகமா செய்யுங்க" என்றார் மிஸ்.

கோகிலாதான் மெல்லச் சொன்னாள். அவள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். காற்றில் ஈரம் குறைந்தால் மல்பெரி இலை வாடிவிடும், புழு சரியாகத் தின்னாது. ஈரத்தை அளந்து, குறைந்தால் கூட்டுகிற மிஷின் செய்தால் என்ன? குரு உடனே மிஷினுக்குப் பெயர் யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜூலை 26, சனி

பென்னாகரம் பஸ்ஸில் கோகிலா ஊருக்குப் போனோம். அவள் அப்பா தீர்த்தகிரி ஷெட் வாசலிலேயே நிறுத்திவிட்டார். செருப்பைக் கழற்றி, மருந்துத் தண்ணீரில் கை கால் கழுவி, சுண்ணாம்புத் தூளை மிதித்துத்தான் உள்ளே போகணும். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"பவுடர் போட்டிருக்கியாம்மா? போயி கழுவிட்டு வா. புழுவுக்கு வாசம் ஆவாது."

எனக்குச் சுருக்கென்றது. இவர் வீட்டுப் புழுவுக்கு என் பவுடர் என்ன செய்துவிடும்?

உள்ளே இரண்டு தெர்மாமீட்டர் மாட்டினோம். ஒன்றின் குமிழில் ஈரத்துணி. துணியிலிருந்து தண்ணீர் ஆவியாக ஆவியாக அது குளிர்ந்து காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்தால் காற்றில் எவ்வளவு ஈரம் என்று தெரியும். "எங்களுக்கு, சுத்தித் தொங்கவுடற ஈரச் சாக்குதான் மிஷினு" என்று சிரித்தார் தீர்த்தகிரி.

ஆகஸ்ட் 2, சனி

மிஷின் தயார்! குரு வீட்டில் கிடந்த பழைய கொசு மருந்து மிஷின்களைப் பலகையில் வரிசையாகப் பொருத்தி, காலிக் குப்பிகளில் தண்ணீர் ஊற்றினோம். திரி உறிஞ்சும், சூட்டில் ஆவியாகும். குப்பியை நானே நன்றாக அலசினேன்.

தீர்த்தகிரி வேண்டாம் என்றார். கோகிலா விடவில்லை. ஆவி, ஈரம், சதவீதம் என்று அவள் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. கடைசியில், "சரி, நீ சொல்றீன்னு வெக்கறேன்" என்றார். அவள் முகத்தைப் பார்த்திருக்கணுமே.

புழுக்கள் கடைசித் தோலையும் உரித்துவிட்டன. சீக்கிரம் கூடு கட்டுமாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கோகிலா வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஸ்கூல் விட்டதும் போனோம். புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டுகின்றன, பச்சையாகக் கக்குகின்றன, சுருங்கிச் சாகின்றன. தீர்த்தகிரி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"சென்றாயன் தக்காளிக்கு மருந்தடிச்சான். காத்து நம்ம பக்கந்தான் அடிச்சிது. எல்லாம் இலையில படிஞ்சிருக்கு" என்றார்.

சென்றாயன் கோகிலாவின் தாய்மாமா. பக்கத்துத் தக்காளிக் காடு அவருடையது. ஒரே போர்வெல்லில்தான் இரண்டு காட்டுக்கும் தண்ணீர். அவர் பக்கம் போகிற வால்வைத் தீர்த்தகிரி மூடிவிட்டாராம். "அவன் தக்காளியும் காயட்டும்."

குரு பலகையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். 

ஆகஸ்ட் 8, வெள்ளி

சாயங்காலம் அம்மா கொசு மருந்து மிஷினைப் போட்டாள். குப்பி காலி, வேறு வாங்கணும் என்றேன்.

"இருக்கட்டும். திரியில ஊறியிருக்கும், இன்னிக்குத் தாங்கும்."

திரி.

குப்பியை அலசினேன். திரியை யார் அலசினது? முகப் பவுடரையே கழுவச் சொன்ன மனுஷன்! அவர் ஷெட்டுக்குள்ள கொசு மருந்தை நாங்களே பிளக்குல செருகிட்டு வந்திருக்கோம். ஐயோ. கொசுவைக் கொல்றது புழுவை விடுமா? இது தெரிய பிசிக்ஸ் வேற வேணுமா?

ஆகஸ்ட் 11, திங்கள்

இரண்டு பேரிடமும் சொன்னேன். "ப்ரூஃப் இருக்கா?" என்றான் குரு. அறைந்திருப்பேன்.

கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு அன்னிக்கே சந்தேகம். பலகைக்குப் பக்கத்துல இருந்த புழுதான் மொதல்ல செத்துச்சு. சொல்லிடாத பாரதி. எங்கப்பா என் பேச்சக் கேட்டது அந்த ஒரு தடவதான்."

"அப்ப உங்க மாமா?"

அழுதாள். நான் கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. ஆனால் அங்கே ஒரு பாவமும் அறியாதவர் தோட்டம் காய்கிறதே! எது சரி? அவள் வீட்டு விஷயத்தை நான் போய்ச் சொல்லலாமா? சொல்லாமல் இருக்கலாமா?

ஆகஸ்ட் 14, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று குருவிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பலகையை எடுத்துக்கொண்டு குருவும் நானும் போனோம். சென்றாயன் மாமாவின் மனைவி குடத்தில் தண்ணீர் தூக்கித் தக்காளிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கறீங்களா கண்ணு?" என்றார். செத்துவிடலாம் போல இருந்தது.

சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே போனேன். ஷெட் வாசலில் நின்ற தீர்த்தகிரியிடம் வாயைத் திறப்பதற்குள் கோகிலா வெளியே வந்தாள். பலகையை வாங்கினாள், திரியை உருவினாள், அவள் அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மாமா இல்லப்பா. இதுதான். நாந்தான் வெக்கச் சொன்னேன்."

மோந்து பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். நடந்து போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல், "போங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கண்காட்சி. சார்ட்டில் 'இந்த மிஷின் ஏன் புழுவைக் கொன்றது' என்று எழுதி ஒட்டினோம். ஷகிலா மிஸ் முழுதும் படித்துவிட்டு, "இருக்கட்டும், எடுக்காதீங்க" என்றார். குரு வந்தவர்களுக்கெல்லாம் தலையைக் குனிந்தபடி விளக்கினான். கோகிலா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பர் 3, புதன்

கோகிலா முதல் பெஞ்சுக்கு மாறிவிட்டாள். தக்காளி பாதி பிழைத்துக்கொண்டதாம். ஆனால் மாமா இன்னும் அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லையாம். குரு விசாரித்துச் சொன்னான்.

அக்டோபர் 8, புதன்

காலையில் கோகிலா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நீல மையில், 'காஞ்சது 27, ஈரம் 24.' அவள் எழுத்து இல்லை. கோணல்மாணலாக இருந்தது.

நாங்கள் மாட்டிய தெர்மாமீட்டர்கள்! அவற்றை எடுக்கவே மறந்துபோயிருந்தோம்.

"புதுப் புழு வந்துருக்கு. அப்பாவே பாத்து எழுதிவுட்டாரு. சாக்க நனைக்கலாமான்னு கேட்டாரு" என்றாள். பிறகு மெதுவாக, "என்னக் கேட்டாரு" என்றாள். "வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். சரிதான?"

அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். எழுபத்தெட்டு சதவீதம். சரிதான் என்றேன்.

மதியம் அந்தக் கையைக் கழுவாமல், குருவிடம் ஸ்பூன் வாங்கிச் சாப்பிட்டாள்.