பேட்டியிலிருந்து எடுக்க வேண்டிய வரி

அன்புள்ள ஆராய்ச்சி மகாராணிக்கு,

யாருமே நம்ப முடியாத கதையொன்றை இதோ சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

தனியாக வாழ்பவர்களைப் பேட்டி காண்பது உன் கல்லூரி ஆய்வென்று வந்து, பேச்சைப் பதிவு செய்ய என் முன்னே செல்போனை வைத்தாய். "மாமா, அளக்காம பேசுங்க. ஒரு வார்த்தை விடாம எழுதணும்" என்றாய். நானா அளப்பேன்? என் குறட்டையில் அலமாரி நகர்ந்து அடுத்த தெருவுக்கே போய்விட்டது. என் சமையலை முகர்ந்த கரப்பான்பூச்சிகள் குடும்பத்தோடு வீட்டைக் காலிசெய்தன. அத்தனையையும் ஆய்வில் சேர்த்துக்கொள்.

"எந்த வரி வேணாம்னாலும் சொல்லுங்க, எடுத்துடறேன்" என்று கையெழுத்து வாங்கினாயே, அந்த உரிமையை இப்போது கேட்கிறேன். "பொழுது எப்படிப் போகுது?" என்றதற்கு, "சுவரப் பார்த்துப் புளுகுவேன். அப்புறம் உங்க அத்தை மாதிரி 'போதும், நிறுத்துங்க'ன்னு நானே சொல்லிக்குவேன்" என்றேன். அந்த வரியை எடுத்துவிடு.

"வாயத் திறந்தா பொய்" என்று கோபித்துக்கொண்டு போன உன் அத்தை உங்கள் வீட்டில்தானே இருக்கிறாள்? இப்போதெல்லாம் புளுகுவதற்கே அலுப்பாக இருக்கிறது, அம்மா.

எடுப்பதற்கு முன், ஒரே ஒருமுறை அவள் காதில் விழும்படி அந்தப் பதிவைப் போடு. அலமாரியும் கரப்பான்பூச்சியும் பொய்தான். அந்த வரி மட்டும் உண்மை.

இப்படிக்கு,
உன் புளுகுமூட்டை மாமா