மூன்று அசையில் ஒரு சூரியகாந்தி

என் குமரா,

கோடம்பாக்கம் வீட்டில் உன் மேசை அப்படியே இருக்கிறது. உன் மனைவி சுமதி அதன்மேல் ஒரு துணியைக்கூட வைப்பதில்லை. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நாம் கடைசியாகச் செய்த படம் வெளிவந்துவிட்டது.

ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது உன் வேலை, குரல் கொடுப்பது என் வேலை. அந்தப் படத்தில் ஒரு தாய் தன் மகளை 'சன்ஃப்ளவர்' என்று கூப்பிடுவாள். நீ ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்ததால், நானே 'சூரியகாந்தி' என்று பேசிவிட்டேன்.

"வாயில உக்காரலம்மா. அவங்க வாயை மூடின பிறகும் நீங்க பேசினு இருக்கீங்க" என்றார் டப்பிங்கைப் பார்த்துக்கொள்பவர்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்கு வந்து, என் போனில் அந்தக் காட்சியை உனக்குக் காட்டினேன். சத்தத்தை நிறுத்திவிட்டு அவள் உதட்டையே பார்த்தாய். கட்டில் கம்பியில் விரலால் தட்டினாய். ஒன்று ஓங்கி, இரண்டு மெதுவாக.

"மூணே அசைக்கா. சன்னுல அழுத்தம், அப்பால ரெண்டும் லேசு. நடுவுல உதடு மூடுற மாதிரி வருது பாரு. சூரியகாந்தி ரொம்ப நீளமா கீது."

உனக்கு மூச்சு வாங்கியது. "இங்கிலீஷ்லயே வுட்டுர்லாம்டா. இத்த யாரு கவனிக்கப்போறா?" என்றேன். உன்னைத் தூங்கவைக்கத்தான் சொன்னேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் இத்தனை வருட உழைப்பையே அப்படிச் சொன்னதாக நினைத்தாயா?

மறுநாள் ஒலிப்பதிவு அறையிலிருந்து வெளியே வந்தபோது போனில் உன் குரல் காத்திருந்தது. "கண்மணின்னு கூப்புடுக்கா. கண்ணுல அழுத்து, மணில உதடு தானா ஒட்டும். இதுவும் ரெண்டு வார்த்தை சேந்த ஒரே வார்த்தைதான்."

அதற்குக் கீழே சுமதியின் ஏழு அழைப்புகள். நான் வந்து சேர்வதற்குள் நீ இல்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அந்த ஒரு சொல்லைப் பேசப் போனேன். அழுத்தம் கண்ணில் விழவே இல்லை, மணியில் குரல் உடைந்தது. "அந்தம்மா சிரிச்சினுதானே கூப்புடறாங்க" என்றார் டப்பிங்கைப் பார்த்துக்கொள்பவர், தலையைக் குனிந்துகொண்டே. எத்தனை முறை பேசினேனோ தெரியாது. கடைசியில் பொருந்தியது.

உன் மகள் யாழினி இன்னும் படம் பார்க்கவில்லை. அவள் வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம். "இப்போ வேணாம் அத்தை. இதுக்கப்புறம் அப்பா எழுதினது புச்சா ஒண்ணும் வராதுல்ல" என்கிறாள். பன்னிரண்டு வயதுதான் அவளுக்கு.

அவளாகக் கேட்கும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அதுவரை நானும் பார்க்க மாட்டேன்டா.

உன்னை இடுப்பில் சுமந்த
அக்கா மல்லிகா