தேநீரில் நீ கலந்தது

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்க மனம் வரவில்லை. ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நன்றி வேறு எதிர்பார்த்திருக்கிறாய். உன் நெஞ்சழுத்தம் யாருக்கும் வராது.

போதைக் காளானைப் பொடித்து என் தேநீரில் கலந்து கொடுத்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா இறந்ததிலிருந்து அக்கா கட்டின புருஷனுக்காக அழவே இல்லை, அழுதால் தேறிவிடுவாள் என்று நீயே வைத்தியராகி முடிவு செய்துவிட்டாய். எனக்குள் பூட்டிக் கிடந்தது திறந்துகொண்டதாம், எழுதியிருக்கிறாய். பூட்டினவள் நான். திறக்கச் சொல்லி உன்னை யாரடா கூப்பிட்டது?

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியாதா? கிரேன் ஓட்டுகிறவள். என் கொக்கியில் கம்பிக் கட்டு தொங்கும்போது கீழே பிள்ளைகுட்டிக்காரர்கள் நிற்கிறார்கள். மறுநாள் கேபினில் ஏறி உட்கார்ந்தேன். கீழே நின்றவர் கையைக் காட்டினார். தூக்கச் சொல்கிறாரா, நிறுத்தச் சொல்கிறாரா என்று பிடிபடவில்லை. ஒன்றையும் தொடாமல் இறங்கிவந்து, என்னை மேலே அனுப்பாதீர்கள் என்று மேற்பார்வையாளரிடம் நானே சொன்னேன். காய்ச்சல் என்று பொய் சொன்னேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதனால் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இப்போது சாமான் அறையில் உட்கார்ந்து தலைக்கவசம் எடுத்துக் கொடுக்கிறேன். "என்னக்கா, தரைக்கு வந்துட்டீங்க?" என்று வெல்டர் தினமும் கிண்டல் செய்கிறான்.

மாடி வீட்டுக்காரி உன்னை விசாரித்தாள். தங்கமான தம்பி என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தேன்.

என்ன பார்த்தாய் என்று கேட்டிருக்கிறாய். சமையலறைச் சுவர் மூச்சு விட்டது. பிறகு மாமா வந்தார். நீ சொன்ன ஒளி, கிளி ஒன்றும் இல்லை. பனியனோடு உட்கார்ந்து கால் நகம் வெட்டினார். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டதற்கு என்னைத் திட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் பார்த்தால் அவர் இல்லை. நீதான் பக்கத்தில் நின்று, "எப்படிக்கா இருக்கு, லேசா இருக்கா?" என்று கேட்டாய். உன்னை அப்போதே அறைந்திருக்க வேண்டும்.

முதல் தடவை அவரை நோய் கொண்டுபோனது. நோயோடு சண்டை போட முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை நீ கூட்டிவந்து காட்டிவிட்டு, நீயே கொண்டுபோய்விட்டாய். நீ நினைத்தபடி அழுதுவிட்டேன், போதுமா? இன்னும் நிற்கவில்லை.

விடுமுறைக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. நான் மறுபடி மேலே ஏறியாக வேண்டும், எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த வேலை ஒன்றுதான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். அந்தப் பொடி மீதி இருந்தால் இன்றைக்கே சாக்கடையில் கொட்டு. கொட்டிவிட்டேன் என்று எனக்கு எழுது. கொட்டாவிட்டாலும் அப்படியே எழுது. இருக்கிறது என்று தெரிந்தால், இன்னொரு தடவை கொடு என்று நானே கேட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
அக்கா