தோளை விட்டு இறக்காதே

மார்த்தாண்டம்
1934, தை மாதம்

அன்பு மகன் ஜான்ரோஸுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம். பெங்களூர்க் குளிரில் நீயும் உன் பட்டாளத்துத் தோழரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு இடது கண்ணையும் புரை மறைத்துவிட்டது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் மாசியில் ஆப்பரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அடுப்பும் தண்ணீரும் என் பாடு. நான் வைக்கிற குழம்பில் ஒன்று உப்பிருக்காது, இல்லாவிட்டால் இரண்டு தரம் இருக்கும். வாத்தியார் குழம்புக்கு எத்தனை மார்க்கு என்று கேட்டு அம்மா சிரிக்கிறாள். எனக்குத்தான் உடம்பு தளர்ந்துபோகிறது, மத்தியானமே கண் சொக்குகிறது.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு நிமிஷத்துக்குள் மற்றவர்கள் தோட்டா முழுவதையும் சுட்டு முடிக்க உனக்குப் பாதி மிஞ்சுகிறது என்றும், ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, அடுத்த தோட்டா ஏற்றும் போல்ட்டைக் குனிந்து பார்த்து இழுக்கிறாய் என்று ஹவில்தார் ஏசுகிறார் என்றும் எழுதியிருந்தாய். எனக்குத் துப்பாக்கி தெரியாது. ஆனால் சபைக்கென்று எடுத்து வைக்கும் பிடியரிசியை அம்மா இன்னும் எனக்கு விட்டுத்தரவில்லை. முகம் வாசல் பக்கம் இருக்கும், பேச்சு என்னோடு இருக்கும், கை தானாகப் போய்க் கலயத்தில் இட்டுவிட்டுத் திரும்பும். ஒரு மணி சிந்தாது. நான் பார்த்துப் பார்த்துப் போட்டால் நேரமும் ஆகும், தரையிலும் கிடக்கும். தோட்டா இல்லாமல் பழகு. துப்பாக்கி தோளிலேயே இருக்கட்டும், கண் குறிப்பலகையிலேயே இருக்கட்டும், கை மாத்திரம் போய்வரட்டும். முதலில் மெதுவாகச் செய், வேகம் பிறகு வரும்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு காரியம் யோசித்தேன் மக்கா. கார்த்திகையில் வந்த கடிதத்தில் கம்பெனியிலேயே நீதான் வேகக்காரன் என்று எழுதியிருந்தாய். ஆப்பரேஷன் பற்றி நான் எழுதிய பிறகுதான் உன் கை மெதுவானது. துப்பாக்கி சுடும் போட்டிக்கு எடுபட்டவர்கள் மாசியில் மீரட் போகவேண்டும், மற்றவர்களுக்கு லீவு கிடைக்கும் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். என்னிடம் நாலாம் வகுப்பு படித்த வைகுண்டராஜன், எல்லாக் கணக்கும் தெரிந்திருந்தும் பரீட்சையில் பாதிச் சிலேட்டை வெறுமையாக விட்டான். பாஸானால் குழித்துறைப் பள்ளிக்கூடம் போகவேண்டும், தம்பி சுயம்பு துணையில்லாமல் ஆறு கடக்கவேண்டும், அதுதான் காரணம். தெரியாத பிள்ளையின் சிலேட்டில் அழித்த கறை இருக்கும். அவன் சிலேட்டு சுத்தமாக இருந்தது. உன் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. தோற்கிறவனுடைய வருத்தம் அதில் ஒரு வரியும் இல்லை.

அம்மாவிடம் இதை மறைக்கலாம் என்று பார்த்தேன். வாசிக்கக் கேட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். "எனக்க கண்ணுக்கு வேண்டி அவனுக்க குறி பிழைக்கண்டாம், அப்பிடியே எழுதுங்க" என்றாள்.

நீ வந்தால் எனக்கு ஒரு கைத்தாங்கல்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் ராகேல் சித்தி துணைக்கு வருகிறாள், வில்வண்டியும் சொல்லியாயிற்று. உண்மையாகச் சுட்டும் எடுபடாவிட்டால் லீவு வாங்கிக்கொண்டு வா, சந்தோஷம். வேண்டுமென்று தோற்றுவிட்டு வந்தாயானால், கட்டுப்போட்ட கண்ணோடு உன் முகத்தைத் தடவியே அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அந்த வேளையில் நான் உனக்காகப் பேசமாட்டேன்.

காலையில் கம்பளிச் சட்டை போடாமல் வெளியே இறங்காதே. கர்த்தர் உன் கண்ணையும் கையையும் காத்துக்கொள்வாராக. மீரட் விலாசத்தை மறக்காமல் எழுது.

ஆசீர்வாதத்துடன்
உன் அப்பா
சுவிசேஷமுத்து