வாரத்துக்கு ஒரு நிமிடம்

தாவணகெரே
13-2-2014

சிரஞ்சீவி சௌபாக்கியவதி சுவர்ணாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நீயும் மாப்பிள்ளை ஹனுமந்துவும் நலம்தானே? நான்கு வருடத்தில் இது என் முதல் கடிதம். உன் போன் நம்பர் மாறிவிட்டது. முகவரியை உன் தோழி வாணியிடம் கெஞ்சி வாங்கினேன். நீங்கள் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்ற அன்று உன் பெரியப்பா கதவைச் சாத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வேறு ஒன்று சொல்கிறேன்.

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலை குறைந்துபோனதால் இங்குள்ள வியாபாரிகள் கூட்டத்தில் சேர்ந்தேன். புதன்தோறும் காலை ஏழு மணி, வெண்ணெய் தோசை. ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம் பேச வேண்டும்; நிமிடம் முடிந்ததும் மணி அடிப்பார்கள். என்னைத்தான் உனக்குத் தெரியுமே! பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. தலைவி சரோஜக்கா, மசாலாப் பொடி வியாபாரம், "பேரு வந்துருச்சில்ல? அடுத்த வாரம் தெருப் பேரு சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

ஆறு மாதம் ஆயிற்று. நேற்று மணி அடித்த பிறகும் பேசினேன், மகளே. "ஊரு மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டுறவரு, இப்பத்தான் தன் வாய்க்கும் ஒண்ணு கட்டியிருக்காரு" என்றார் சரோஜக்கா. நாற்பது பேரும் கைதட்டினார்கள். உன்னிடம் சொல்லத் தோன்றியது. பதில் போடு.

அன்புடன்,
அப்பா குருசித்தப்பா

மைசூரு
1-3-2014

அப்பாவுக்கு வணக்கம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சந்தோஷம்தான்.

ஹனுமந்து போய் எட்டு மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை. கவனிக்காமல் விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "உங்கப்பாவுக்கு ஒரு போன் போடு. அவரு கெட்டவரில்ல, பேசத் தெரியாதவரு, அவ்வளவுதான்" என்றார். நீங்களும் பெரியப்பாவும் இருக்கும் பட்டறைக்குப் போட்டேன். பெரியப்பா எடுத்தார். "சுவர்ணாவா? அந்தப் பேருல எங்க வீட்ல யாரும் இல்ல" என்றார். பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

அது நீங்களா அப்பா? இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

சுவர்ணா

தாவணகெரே
10-3-2014

அம்மா சுவர்ணா,

நான்தான்.

போன் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அண்ணா என்னைப் பார்த்தார். நான் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரி என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுந்திருப்பேனா? சத்தியம் செய்ய முடியவில்லை.

வேலை குறைந்ததால் கூட்டத்தில் சேர்ந்தேன் என்று எழுதியது பொய். அந்தப் போனுக்குப் பிறகு, வாயைத் திறக்க எங்காவது கற்றுக்கொடுப்பார்களா என்று தேடித்தான் போனேன்.

போன புதன்கிழமை தொழிலைப் பற்றிப் பேசவில்லை, இதைச் சொன்னேன். யாரும் மணி அடிக்கவில்லை. "எங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அண்ணன்கிட்ட சொல்லுங்க. நாங்க வெளியில நிக்கிறோம்" என்றார் சரோஜக்கா. நான்கு பேர் வந்து எங்கள் வீட்டுத் தெருவில் நின்றார்கள். நான் உள்ளே போய், "சுவர்ணா என் மக. இந்த வீட்டுப் பொண்ணு" என்றேன். அண்ணா ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா உனக்கு?" என்றார்.

வீட்டையும் பட்டறையையும் விட்டு வந்துவிட்டேன். கூட்டத்தில் ஒருவர் தன் கிடங்கில் இடம் கொடுத்திருக்கிறார். 23ஆம் தேதி ஞாயிறு மைசூருக்கு வருகிறேன். வேண்டாம் என்று மட்டும் எழுதாதே.

அப்பா

மைசூரு
15-3-2014

அப்பா,

வர வேண்டாம்.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. உங்களுக்கு நல்ல மனிதர்கள் கிடைத்திருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்களா? அந்தச் சரோஜக்காவிடம் உங்களைக் கவனித்துக்கொள்ளும்படி நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்று போனை வைத்ததும், "அப்பா வெளியூரு போயிருக்காராம், வந்ததும் வருவாராம்" என்று ஹனுமந்துவிடம் சொன்னேன். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி, கடைசி ஐந்து நாளும் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

இந்த வீட்டை 20ஆம் தேதி காலி செய்கிறேன். வாணிக்கும் புது முகவரி தெரியாது. உங்கள் மேல் கோபம் இல்லை அப்பா. கோபம் இருந்தவரைக்கும் உங்களுக்காகக் காத்திருந்தேன்.

சுவர்ணா